மிகவும் வேண்டப்பட்ட நாத்தனார்

நாற்பது வயதை நெருங்கும்போது பன்னாட்டு வணிகக் கொள்கையில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். "அதப் படிச்சு என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார் கணவர். நியாயமான கேள்வி. இன்றுவரை என்னிடம் முழுப் பதில் இல்லை.

நஞ்சன்கூடு சாலையில் உள்ள ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் எனக்கு வேலை, ஏற்றுமதிப் பிரிவில். சட்டைகள் கப்பல் ஏறுவதற்கு முன்னால் அவற்றுக்கான காகிதங்கள் என் மேசை வழியாகப் போகும். பருத்திச் சட்டைக்கு ஓர் எண், பாலியஸ்டர் கலந்துவிட்டால் வேறு எண். இந்த நாட்டுக்குப் போனால் வரி இல்லை, பக்கத்து நாட்டுக்குப் போனால் உண்டு. ஏன் என்று கேட்டால் மேலாளர், "ரூல் அப்படி" என்பார். அந்த ரூல் எங்கே உட்கார்ந்து யார் போட்டது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன். இதைச் சொன்னதும், "மேனேஜர் மேல இருக்கற கோவத்துக்கு ரெண்டு வருசம் படிக்கப் போறயா?" என்றார் கணவர். அதையும் முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது.

வகுப்பு மைசூரில், மாலை நேரத்தில். மகள் அப்போது ஒன்றாம் வகுப்பு. கணவருக்கு ஷிப்ட் வேலை. எந்த வாரம் எந்த நேரம் வீட்டில் இருப்பார் என்பது அவருக்கே கடைசியில்தான் தெரியும். ஆகவே என் படிப்பு முழுவதும் ஒரே ஒருவர் கையில் இருந்தது. கணவரின் அக்கா. உறவு நாத்தனார், கூப்பிடுவது அண்ணி. எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவர் பிள்ளைகள் பெரியவர்களாகி வேலைக்குப் போய்விட்டார்கள். நான் படிக்கலாமா என்று உறவுகள் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்குவதற்குள், "புள்ள என்கிட்ட இருக்கட்டும். நீ போய்ப் படி கண்ணு" என்று அண்ணி பேச்சை முடித்துவிட்டார். என்ன படிப்பு என்று அவர் கேட்கவேயில்லை. பள்ளி விட்டதும் மகள் நேராக அத்தை வீட்டுக்குப் போவாள், நான் வேலையிலிருந்து நேராக வகுப்புக்குப் போவேன். அண்ணி ஒரு நாள் முடியாது என்றால் எனக்கு அன்று வகுப்பு இல்லை. இதுதான் என் கல்வியின் மொத்தக் கட்டுமானம்.

வகுப்பில் என்னைத் தவிர எல்லாரும் கல்லூரியை அப்போதுதான் முடித்த பிள்ளைகள். முதல் வாரம் ஆன்ட்டி என்றார்கள், நான் பார்த்த பார்வையில் இரண்டாம் வாரம் அக்கா ஆனேன். என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் மேல்கோட்டையிலிருந்து வந்தவள். அவளுக்கும் வீட்டு மொழி தமிழ், எனக்கும் தமிழ். நான் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூர் பக்கத்துக் குடியானவர் வீட்டுத் தமிழ் பேசுகிறவள், அவள் தலைமுறைகளாக மலைக்கோயில் தெருவுக்குள்ளேயே இருந்துவிட்ட தமிழ் பேசுகிறவள். நான் ரசம் என்பேன், அவள் சாத்தமுது என்பாள். இரண்டு நாள் முயன்று பார்த்துவிட்டு இருவரும் கன்னடத்தில் "சாரு" என்று ஒத்துப்போனோம். பொதுவான பெயர் வைத்துக்கொள்ளாமல் வணிகம் நடக்காது என்று பேராசிரியர் பிறகு ஒரு முழு வகுப்பு எடுத்தார். எங்களுக்கு அது பழைய செய்தி.

பேராசிரியர் குரலை உயர்த்தாத மனிதர். நாடுகள் ஒன்றையொன்று வரி போட்டு அடித்துக்கொண்ட கதையைக்கூட, மழை வரும்போல் இருக்கிறது என்கிற தொனியில்தான் சொல்வார். அவர் சொல்லித்தந்த முதல் பெரிய விதி, "மிகவும் வேண்டப்பட்ட நாடு" என்பது. பெயரைக் கேட்டால் யாரோ ஒருவருக்குத் தனி உபசாரம் நடப்பதுபோல இருக்கும். பொருள் நேர் எதிர். ஒரு நாட்டுக்கு ஒரு சலுகை கொடுத்தால் அதை அப்படியே, உடனே, உலக வணிக அமைப்பின் மற்ற உறுப்பு நாடுகள் எல்லாவற்றுக்கும் கொடுத்தாக வேண்டும். எல்லாரும் மிகவும் வேண்டப்பட்டவர்கள், ஆகவே யாரும் அப்படி இல்லை. விதிவிலக்குகள் ஏராளம் உண்டு, அவை அடுத்த பருவத்தில் வரும் என்றார். நான் அடுத்த பருவம்வரை காத்திருக்கவில்லை. அந்த விதியின் மேல் எனக்கு அப்படி ஒரு காதல் வந்துவிட்டது. பருவக் கட்டுரையை அதன்மேல்தான் எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் வந்தது. வினை அங்கேதான் பிடித்தது.

அந்த ஆண்டு மகளுக்கு மாதேஸ்வரன் மலையில் காது குத்தினோம். எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு காரியம் என்றால் நெருங்கிய பெண்களுக்கெல்லாம் சேலை எடுத்துக் கொடுப்பது வழக்கம். அதில் நாத்தனார் சேலைக்கு மட்டும் கரை இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருக்கும். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலில் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும், கணவனும் மனைவியும் சேர்ந்து நின்று, தேங்காய் வெற்றிலை பாக்கோடு. மற்றப் பெண்கள் அந்தக் கரையை ஒரு பார்வை பார்ப்பார்கள், நாத்தனார் அந்தப் பார்வையை ஒரு பார்வை பார்ப்பார். அதோடு காரியம் நிறைவாக முடிந்துவிடும்.

நான் கொள்ளேகால் போய் எல்லாருக்கும் ஒரே நெசவில், ஒரே அரக்கு நிறத்தில், ஒரே கரையில் சேலை எடுத்தேன். கடைக்காரர், "யூனிபார்முங்களா?" என்று கேட்டார். பாகுபாடு இல்லாமை என்று அவருக்கு விளக்கினேன். அவர் பில் போடுவதில் கவனமாக இருந்தார்.

மலையில் காது குத்தி முடிந்ததும் பெண்களை வரிசையாக உட்காரவைத்து, உட்கார்ந்த வரிசைப்படி கொடுத்துக்கொண்டே போனேன். அண்ணி அந்த நேரம் எங்கள் எல்லாருக்குமான சாப்பாடு வெந்ததா என்று பார்க்கப் போயிருந்தார். திரும்பி வந்து கடைசியில் உட்கார்ந்தார். ஆகவே என் கொழுந்தனார் மனைவிக்கு, குடும்பத்தில் எல்லாருக்கும் இளையவளுக்கு, முதலில் கிடைத்தது. அண்ணிக்குக் கடைசியில். அவர் சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நல்லாருக்குது கண்ணு" என்று பைக்குள் வைத்தார். விதி வென்றது என்று நினைத்தேன். திரும்பும்போது பேருந்தில் கணவரிடம் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலையில் அண்ணியிடமிருந்து அழைப்பு. "முட்டி வலி கண்ணு. படி ஏறி எறங்க முடியல. கொஞ்ச நாளைக்குப் புள்ளயப் பாத்துக்க முடியாதாட்ட இருக்குது."

அண்ணி வீட்டில் படியே கிடையாது.

பாடத்தில் இதற்கும் ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு துறையில் தனக்கு இழப்பு வந்தால் வேறொரு துறையில் கொடுத்துவந்த சலுகையை ஒரு நாடு நிறுத்தி வைக்கலாம். சேலையில் நான் கை வைத்தேன், அவர் பிள்ளை வளர்ப்பில் கை வைத்தார். நாடுகள் இதற்கு ஜெனீவாவில் உள்ள அந்த அமைப்பிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அண்ணிக்கு அந்தச் சிரமம் இல்லை.

அந்த வாரமும் அடுத்த வாரமும் பாதி வகுப்புக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு மாலை விட்டேன், அலுவலகத் தோழி வீட்டில் ஒரு மாலை விட்டேன், மூன்றாவது தடவை யாரிடமும் கேட்க வாய் வரவில்லை. கணவரைச் சமாதானம் பேசச் சொன்னேன். "அக்காவுக்கு முட்டி வலின்னா முட்டி வலிதான்" என்றார். "அங்க படியே இல்லீங்களே" என்றேன். "எனக்கு ரெண்டு பக்கமும் சொந்தம் புள்ள. என்னய உட்டுரு" என்றார். நடுநிலை நாடுகளின் மேல் எனக்குக் கடுப்பு வரத் தொடங்கியது அப்போதுதான்.

வேறு வழியில்லாமல் அகலக் கரை போட்ட சேலை ஒன்றை அண்ணிக்கு எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். செய்தி எப்படியோ கொழுந்தனார் மனைவிக்கு எட்டிவிட்டது. அவள் அழைத்து, "அவுங்களுக்கு ரெண்டுங்களாக்கா? அப்ப எங்களுக்கெல்லாம்?" என்று கேட்டாள். என் விதியை என்னிடமே படித்துக் காட்டுகிறாள், பரீட்சைக்கும் போகாமல்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல மதிப்பெண் வாங்குகிற ஒரு வணிகக் கொள்கை மாணவிக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. ஒருவருக்கு மட்டும் விதியைத் தளர்த்த வேண்டுமென்றால் மற்ற உறுப்பினர்களின் ஒப்புதலைப் பெறலாம். கூட்டத்தில் இருக்கிற யாரும் எழுந்து மறுக்கவில்லை என்றால் அதுவே ஒருமித்த கருத்து. எங்கள் குடும்பப் பெண்களுக்குக் கைப்பேசியில் ஒரு குரூப் உண்டு. அதில் எழுதினேன்: "அண்ணிக்குத் தனியாக ஒரு மரியாதை செய்ய நினைக்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் தயவுசெய்து இன்று மாலைக்குள் சொல்லவும்."

எல்லாரும் படித்ததற்கான அடையாளம் வந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆட்சேபம் இல்லை, தீர்மானம் நிறைவேறியது என்று நானும் நிம்மதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரே ஒரு வரி தோன்றியது. அண்ணி குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டார்.

அவரும் அந்த குரூப்பில் இருக்கிறார் என்பதை நான் மறக்கவில்லை. பார்த்தால் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். இதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறையிலேயே நின்று அழுதேன். படிப்பு பாதியில் போய்விடும் என்கிற பயம் ஒரு பக்கம். அண்ணி என்னை "கண்ணு" என்று கூப்பிடாமல் இருப்பது மறுபக்கம், அதுதான் அதிகமாக வலித்தது.

அதற்குள் வகுப்பில் மாதிரிப் பேச்சுவார்த்தை நாள் வந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை மதியம் முதல் சாயங்காலம்வரை. ஆளுக்கொரு நாடு, எல்லா நாடுகளும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தாக வேண்டும். வராதவர்களுக்கு அந்தத் தாள் போனது, அடுத்த ஆண்டுதான் மறுபடி எழுத முடியும் என்று பேராசிரியர் மழைக் குரலில் சொல்லியிருந்தார். கணவருக்கு அன்று பகல் ஷிப்ட். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அண்ணி வீட்டுக்கு நடந்தேன். என்ன பேசுவது என்று குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். தெருமுனை திரும்பும்போதே எல்லாம் மறந்துவிட்டது.

அண்ணி கூடத்தில் உட்கார்ந்து ஊறவைத்த அவரை விதையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். அவரைக்காய்க் காலத்தில் மைசூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இதுதான் வேலை. மகள் "அத்தே" என்று ஓடி மடியில் விழுந்தாள். அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானே எதிரில் உட்கார்ந்து ஒரு கை விதையை எடுத்துப் பிதுக்கத் தொடங்கினேன். தோல் ஒரு தட்டில், பருப்பு ஒரு தட்டில்.

"மெல்லப் பிதுக்கு. பருப்பு ஒடையுது" என்றார் அண்ணி. இத்தனை நாளில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"சேலைதானுங்க அண்ணி கோவம்?"

"சேல என்ன சேல. என்கிட்டச் சேல இல்லயாக்கும்?" என்று இரண்டு விதைகளைப் பிதுக்கிப் போட்டார். "ரேசன் கடையாட்ட வரிசையில உக்கார வெச்சுக் குடுத்த. சரி, படிச்ச புள்ள, ஏதோ பண்ணுதுன்னு இருந்தன். பொறகு அந்த குரூப்புல கேட்டயே, எனக்கு மரியாத செய்யலாமான்னு. எத்தன ஓட்டு உளுந்துச்சு எனக்கு?"

"யாரும் வேண்டாம்னு சொல்லலைங்க."

"யாரும் செய்யோணும்னும் சொல்லல."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணிக்கும் உதடு கொஞ்சம் அசைந்தது, உடனே இழுத்துக்கொண்டார். அப்புறம் எனக்கு எங்கிருந்தோ வாய் வந்தது. "எங்க வூட்டுல நான் படிக்கலாமான்னு எல்லாரும் பேசறதுக்கு முன்னாடி நீங்கதானுங்க போய்ப் படின்னு சொன்னீங்க. அத நான் யாருகிட்டயும் சொன்னதே இல்ல. உங்ககிட்டக்கூட" என்றேன். அண்ணி தட்டிலிருந்த உடைந்த பருப்பைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார், அதில் உடைந்தவை எல்லாம் நான் பிதுக்கியவை.

"உன்ற மீட்டிங் எத்தன மணிக்கு?"

"இப்பவேங்க. நேரமாச்சு."

"அப்ப எதுக்கு இங்க உக்காந்துட்டு அவரப் பருப்ப ஒடைக்கற? போ. புள்ள இருக்கட்டும்." நான் எழுந்ததும் மறுபடியும் கூப்பிட்டார். "கோவம் போயிருச்சுன்னு நெனச்சுக்காத. கோவம் வேற, புள்ள வேற."

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது என் நாட்டின் பெயர்ப்பலகை மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. எனக்கு வாய்த்தது ஒரு குட்டித் தீவு. அரிசியை இறக்குமதி செய்து சாப்பிடுகிற, யாரையும் மிரட்ட வழியில்லாத நாடு. மேல்கோட்டைப் பெண்ணுக்குக் கடலே இல்லாத நாடு. தன் சரக்கு பக்கத்து நாடுகளின் வழியே தடையில்லாமல் துறைமுகம் போக ஒரு பத்தி வேண்டும் என்று மதியம் முழுவதும் வாதாடினாள். பெரிய நாடுகள் எல்லாம் நன்றாக உடுத்திக்கொண்டு வந்திருந்தன. சாயங்காலம் தேநீருக்குப் பிறகு கடைசி வரைவு திரையில் ஓடியது. தலைவராக இருந்த மாணவனுக்கு ஊருக்குப் போகிற பேருந்து காத்திருந்தது, வேகமாகப் படித்தான். "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டான். அறையில் ஒரு சத்தமும் இல்லை. சுத்தியலுக்குப் பதில் வைத்திருந்த டஸ்டரை ஓங்கினான்.

ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் நானும் நிம்மதியாகப் பையை எடுத்திருப்பேன். ஆனால் பேசாமல் இருப்பது எப்படிப்பட்ட சமாசாரம் என்று எனக்குச் சமீபத்தில்தான் தெரிந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். மேல்கோட்டைப் பெண் முகம் சிவந்து மேசையைப் பார்த்தபடி இருந்தாள். பலகையைத் தூக்கி, "தலைவர் அவர்களே, எங்கள் தீவுக்கு ஒரு நிமிடம் வேண்டும்" என்றேன். அவளருகே போய், "ஏன் பேசாம இருக்கறே?" என்று கேட்டேன்.

"என் பத்தியையே எடுத்துட்டா அக்கா. எல்லாரும் ஒத்துண்டப்புறம் நான் ஒருத்தி மட்டும் எப்படிச் சொல்றது?" என்றாள். அன்றைக்கு மட்டும் அவள் தமிழ் எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது.

தீவு ஆட்சேபித்தது. அறை முழுவதும் முனகல். தலைவனின் பேருந்து போய்விட்டது. ஒரு மணி நேரம் இழுத்துப் பிடித்து அந்தப் பத்தியைக் கொஞ்சம் இளைத்த உருவில் திரும்பக் கொண்டுவந்தோம். இந்த முறை டஸ்டர் விழுந்தபோது அவளே தலையாட்டினாள். பேராசிரியர் என்னிடம் வந்து, "சின்னத் தீவுக்கு இவ்வளவு பெரிய வாய் எங்கிருந்து வந்தது?" என்று கன்னடத்தில் கேட்டார். வீட்டில் பயிற்சி, சார் என்றேன்.

மகளைக் கூட்டிக்கொள்ளப் போனபோது அண்ணி எனக்கும் ஒரு தட்டு வைத்தார், ராகிக் களியும் பிதுக்கின அவரைக் குழம்பும். "செயிச்சயா?" என்றார்.

"அதுல செயிக்கறது இல்லீங்க அண்ணி. எல்லாரும் ஒத்துக்கோணும், அவ்வளவுதானுங்க."

"அதுக்கு எதுக்கு ரெண்டு வருசம்?" என்று இன்னொரு கரண்டி ஊற்றினார். திங்கட்கிழமை முட்டி வலி சரியாகிவிட்டது. அகலக் கரைச் சேலையை நான் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் முகத்தில் அடித்ததுபோல் இருந்திருக்கும். அண்ணியும் குரூப்புக்குத் திரும்பவில்லை. கோவம் வேறு என்று சொன்னவர் சொன்னபடி இருந்தார், நான் அதைப் பற்றிப் பேசவில்லை. படிப்பு முடியும்வரை அப்படியே ஓடியது.

தேர்வு முடிவு ஒரு மதியம் வந்தது. முதல் வகுப்பு. அலுவலகத்தில் மேலாளர் பக்கத்தில்தான் நின்றிருந்தார், அவரிடம் சொல்லவில்லை. வராந்தாவுக்குப் போய்க் கணவரை அழைக்க எண்ணைத் தேடினேன். தேடியவள் நிறுத்தி, அண்ணியை அழைத்தேன்.

"பாசாயிட்டனுங்க அண்ணி. பர்ஸ்ட் கிளாஸ்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் தொலைக்காட்சி மட்டும் பேசியது. பிறகு அதுவும் நின்றது.

"என்ற தம்பிகிட்டச் சொல்லிட்டயா?"

"இல்லீங்க. உங்களுக்குத்தான் மொதல்ல."

"புள்ளகிட்ட?"

"யாருகிட்டயும் இல்லீங்க."

  "செரி" என்றார் அண்ணி. "இன்னிக்கு யாருகிட்டயும் சொல்லாத கண்ணு. நாளைக்குக் காத்தால சொல்லு. பொறகு, என்னய அந்த குரூப்புல சேத்து உடு."

அன்று சாயங்காலம் ரிசல்ட் எப்போது என்று கணவர் கேட்டார். நாளைக்காம் என்றேன். அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே, "பயப்படாத, வந்துரும்" என்று ஆறுதல் சொன்னார். வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் காபி போட்டுவிட்டு, முதலில் அண்ணியைக் குரூப்பில் சேர்த்தேன். பிறகு செய்தியைப் போட்டேன். அடுத்த அறையிலிருந்த கணவரிடம் எட்டிப் பார்த்துச் சொன்னேன், அவர் கைப்பேசியோடு ஓடிவந்து, தன் பங்குக்குச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அழைப்பு போடத் தொடங்கினார். குரூப்பில் பூங்கொத்துகளும் கைதட்டல்களும் வந்து விழுந்தன. கொழுந்தனார் மனைவி, "எங்களுக்குத்தான் மொதல்ல சொல்லியிருக்கீங்கக்கா, சந்தோசம்" என்று எழுதியிருந்தாள்.

அதற்குக் கீழே அண்ணியின் செய்தி வந்தது. வாழ்த்து இல்லை, பூ இல்லை.

"எனக்கு நேத்தே தெரியும்."

என் தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்த கணவர், காதில் வைத்திருந்த கைப்பேசியை மெல்லக் கீழே இறக்கினார்.